கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டிய பண்டமாற்று: காஷ்மீர், 2008–2019

எதற்காக இந்த நிகழ்வு

இரண்டு பகை நாடுகளுக்கு நடுவே கொடுக்கல் வாங்கலும் சொந்தபந்தமும் இருந்தால் அவை போருக்குப் போகாது என்பது பழைய நம்பிக்கை. இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் 1914 ஐரோப்பாவை எடுத்துக்கொள்வார்கள். பிரிட்டனும் ஜெர்மனியும் ஒன்றுக்கொன்று பெரிய வாடிக்கையாளர்கள், அரச குடும்பங்கள் நெருங்கிய சொந்தம், இருந்தும் போர் வந்தது என்பார்கள். அது உண்மைதான். ஆனால் அங்கே போரைத் தடுக்க வேண்டும் என்று யாரும் வணிகத்தைத் தொடங்கவில்லை. லாபத்துக்காக வளர்ந்த வணிகம் அது.

நான் எடுத்துக்கொண்டது வேறு மாதிரி நிகழ்வு. இந்தியாவும் பாகிஸ்தானும், அணு ஆயுதம் கையில் வைத்திருக்கும் இரண்டு அரசுகள், காஷ்மீரில் தங்கள் படைகள் எதிரெதிரே நிற்கும் கோட்டின் குறுக்கே ஒரு சிறு வணிகத்தைத் திறந்தன. நம்பிக்கையை வளர்ப்பதற்காக என்று சொல்லியே திறந்தன. பத்தரை ஆண்டுகள் அது நடந்தது. இடையில் பலமுறை அடிபட்டது, பலமுறை எழுந்து நின்றது, கடைசியில் 2019 ஏப்ரலில் ஓர் உத்தரவோடு நின்றது. நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்க இதைவிடத் தெளிவான நிகழ்வு நம் அருகில் இல்லை.

இதில் வரும் வணிகர்கள், லாரி ஓட்டுநர்கள், லோடுமேன்கள் யாருடைய பெயரையும் சொல்லப்போவதில்லை. கோட்டின் இந்தியப் பக்கத்து ஊர்களான உரியிலும் பூஞ்சிலும் இருக்கும் அவர்களில் பலர் இன்னும் அந்தக் கணக்கை முடிக்காமல் இருக்கிறார்கள்.

பின்னணி

1947க்கு முன் காஷ்மீர் பள்ளத்தாக்குக்கு வெளியுலகம் என்றால் அது ஜீலம் ஆற்றோரச் சாலைதான். ஸ்ரீநகர், பாரமுல்லா, உரி, முசாஃபராபாத் என்று போய் ராவல்பிண்டியில் ரயிலைப் பிடிக்கும். பழமும் மரமும் அந்த வழியாகத்தான் இறங்கின. மரக்கட்டைகளை ஆற்றிலேயே மிதக்கவிட்டு அனுப்புவார்கள். 1947–48 போரில் அந்தச் சாலை நடுவில் அறுந்தது. போர் நிறுத்தக் கோடு 1949இல் வந்தது. 1972 சிம்லா ஒப்பந்தத்துக்குப் பிறகு அதற்குக் கட்டுப்பாட்டுக் கோடு என்று பெயர். உரியிலும் பூஞ்சிலும் ஒரே மொழி பேசும், ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மக்கள் ஆளுக்கொரு பக்கம் மாட்டிக்கொண்டார்கள்.

இந்த இடத்தில் ஒரு கணக்கைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் கடைசியில் அது திரும்ப வரும். 1948–49இல் பாகிஸ்தானின் ஏற்றுமதியில் பாதிக்கு மேல் இந்தியாவுக்குத்தான் வந்தது. இரண்டு நாடுகளும் பொருளாதாரத்தில் அந்த அளவுக்குப் பின்னிப் பிணைந்திருந்த காலம் பிறகு எப்போதும் இருந்ததில்லை. அதே காலத்தில்தான் காஷ்மீரில் இரண்டு படைகளும் சண்டையிட்டுக்கொண்டிருந்தன. அந்த வணிகம் முறிந்ததும் துப்பாக்கியால் இல்லை. 1949இல் இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்தது, பாகிஸ்தான் குறைக்க மறுத்தது. மாற்று விகிதச் சண்டையில் பருத்தியும் சணலும் நின்றுபோயின.

பிறகு 1965, 1971, 1999 என்று போர்கள். 2003 நவம்பரில் கோட்டின் நெடுகப் போர் நிறுத்தம் அறிவிக்கப்பட்டது. பல ஆண்டுகளாக தினசரி ஷெல் விழுந்துகொண்டிருந்த ஊர்கள் அடங்கின. அதற்கு அப்புறம்தான் மற்றதெல்லாம் நடந்தது. இந்த வரிசையை வாசிப்பவர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்: முதலில் படைகள் நிறுத்தின, பிறகு கதவு திறந்தது.

2005 ஏப்ரல் 7 அன்று ஸ்ரீநகருக்கும் பாகிஸ்தான் பக்கத்து முசாஃபராபாத்துக்கும் பேருந்து ஓடத் தொடங்கியது. முந்தைய நாள்தான் பயணிகள் தங்கியிருந்த ஸ்ரீநகர் சுற்றுலா மையத்தைத் தீவிரவாதிகள் தாக்கிக் கொளுத்தியிருந்தார்கள். அப்படியும் பேருந்து கிளம்பியது. எல்லையில் ஒரு சிற்றாற்றின் மேல் கட்டிய பாலத்துக்கு அமன் சேது, அமைதிப் பாலம் என்று பெயர் வைத்தார்கள். பயணிகள் அந்தப் பாலத்தை நடந்து கடந்தார்கள். கையில் பாஸ்போர்ட் கிடையாது, அனுமதிச் சீட்டு மட்டும். பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தினால் கோட்டைச் சர்வதேச எல்லையாக ஒப்புக்கொண்டது போலாகிவிடும் என்று இரண்டு அரசுகளுமே பயந்தன. அதே ஆண்டு அக்டோபரில் வந்த நிலநடுக்கம் பாலத்தையும் இரு பக்கத்து ஊர்களையும் சிதைத்தது. பாலத்தைத் திரும்பக் கட்டினார்கள். 2006இல் பூஞ்சுக்கும் அந்தப் பக்கத்து ராவலாகோட்டுக்கும் இரண்டாவது பேருந்து வந்தது.

வணிகத்தை உடனடித் தேவையாக்கியது 2008 கோடை. அமர்நாத் கோயில் வாரியத்துக்கு நிலம் கொடுப்பது குறித்து எழுந்த தகராறில் ஜம்முவில் போராட்டம் வெடித்து, பள்ளத்தாக்கை மற்ற மாநிலங்களோடு இணைக்கும் ஒரே நெடுஞ்சாலை முடங்கியது. பழம் பறிக்கும் காலம் அது. பேரிக்காயும் ஆப்பிளும் லாரியிலேயே அழுகும் நிலை. ஆகஸ்ட் 11 அன்று பழ வணிகர்களும் அரசியல் அமைப்புகளும் சேர்ந்து, “முசாஃபராபாத்துக்குப் போவோம்” என்று பழைய சாலையில் ஊர்வலம் கிளம்பினார்கள். உரிக்குப் போகும் வழியில் துப்பாக்கிச்சூடு நடந்தது. பிரிவினைவாதக் கூட்டமைப்பான ஹூரியத்தின் தலைவர் ஷேக் அப்துல் அஜீஸ் உட்படச் சிலர் இறந்தார்கள். அடுத்த மாதமே நியூயார்க்கில் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் பாகிஸ்தான் அதிபர் ஆசிஃப் அலி சர்தாரியும் சந்தித்தபோது, அக்டோபர் 21 அன்று கோட்டைத் தாண்டி வணிகத்தைத் தொடங்குவதென்று முடிவானது.

என்ன தீர்மானித்தார்கள், ஏன்

இரண்டே இரண்டு வழிகள். உரிக்குப் பக்கத்தில் உள்ள சலாமாபாத்திலிருந்து சகோட்டி, பூஞ்சின் சக்கன்-தா-பாகிலிருந்து ராவலாகோட். 21 வகைப் பொருள்கள் மட்டும். சுங்கத் தீர்வை கிடையாது. பணம் கைமாறக் கூடாது, பண்டத்துக்குப் பண்டம். தொடக்கத்தில் வாரத்துக்கு இரண்டு நாள், பிறகு நான்கு நாள்.

ஒவ்வொரு விதிக்கும் ஒரு காரணம் இருந்தது. பேருந்துக்குச் சொன்ன அதே காரணம்தான் இங்கேயும். தீர்வை வாங்கினால் அது வெளிநாட்டு வணிகம். மொத்த ஜம்மு காஷ்மீரும் தனது என்பது இந்தியாவின் நிலைப்பாடு. அந்த நிலைப்பாட்டின்படி சலாமாபாத்திலிருந்து சகோட்டிக்குப் போகும் லாரி ஒரே மாநிலத்துக்குள் ஓடும் லாரி. பாகிஸ்தானுக்கும் அந்தக் கோட்டை எல்லையாக ஏற்க விருப்பமில்லை. ஆக, இரண்டு அரசுகளும் ஒன்றையொன்று மறுக்கும் நிலைப்பாடுகளிலிருந்து கிளம்பி ஒரே விதிக்கு வந்து சேர்ந்தன. எனக்கு இந்த ஏற்பாட்டில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான். தகராறைத் தீர்க்காமல், அதன் மேலேயே ஒரு பாதை போட்டார்கள்.

பண்டமாற்று வந்த கதை இன்னும் எளிது. எந்த நாணயத்தில் கணக்கு, எந்த வங்கி வழியாக என்ற கேள்விகளுக்கு விடை இல்லாததால், பணத்தையே விட்டுவிட்டார்கள். தொலைபேசியும் அப்படித்தான். ஜம்மு காஷ்மீரிலிருந்து பாகிஸ்தான் பக்கத்துக்கு அழைக்கப் பாதுகாப்புக் காரணத்தால் தடை இருந்தது. ஆகவே வணிகத்தைத் திறந்த அரசு, வணிகர்கள் பேசிக்கொள்ளும் வழியைத் திறக்கவில்லை.

பட்டியலைப் பார்த்தால் அதை எழுதியவர்களின் மனதில் பழைய காஷ்மீர் இருந்தது தெரியும். இந்தப் பக்கத்திலிருந்து சால்வை, கம்பளம், குங்குமப்பூ, ராஜ்மா, பழம். அந்தப் பக்கத்திலிருந்து தொழுகை விரிப்பு, ஜெபமாலை, பெஷாவர் தோல் செருப்பு, மூலிகை, புளி. ஆனால் சந்தை பட்டியல் போல நடந்துகொள்ளாது. சில ஆண்டுகளிலேயே பெரும்பாலான லாரிகளில் இந்தப் பக்கத்திலிருந்து சீரகம், காய்ந்த மிளகாய், வாழைப்பழம் போயின. அந்தப் பக்கத்திலிருந்து பாதாமும் உலர் பேரீச்சையும் மற்ற உலர் பழங்களும் வந்தன. சீரகமும் வாழையும் காஷ்மீரில் விளைவதில்லை. இந்தப் பிசகு பின்னால் பெரிதானது.

ஒரு லாரி கடந்துபோகும் நாள்

காலையில் சலாமாபாத் வணிக மையத்தில் லாரிகள் வரிசை கட்டும். மலைச்சரிவை வெட்டிச் சமப்படுத்திய களம், தகரக் கூரை போட்ட கிடங்குகள், முள்வேலி. மிளகாய் மூட்டையை இறக்கி, எண்ணி, பிரித்துப் பார்த்து, மோப்ப நாயை விட்டு, மறுபடி ஏற்றுவார்கள். முழு லாரியையும் ஊடுருவிப் பார்க்கும் ஸ்கேனர் வேண்டும் என்று வணிகர்கள் முதலிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தார்கள். வரவில்லை. அதனால் சோதனை என்பது மனிதக் கைகளும் நாயின் மூக்கும்தான்.

அங்கிருந்து ஓட்டுநர் அனுமதிச் சீட்டோடு பாலத்துக்குப் போவார். பாலத்தைத் தாண்டினால் சகோட்டி மையம். அங்கே இறக்கிவிட்டு அன்றைக்கே காலி வண்டியோடு திரும்ப வேண்டும். எதிர்ப்பக்கத்து ஓட்டுநரும் அப்படியே. அந்த லாரியில் போகும் சரக்கின் சொந்தக்காரர் பாலத்தைத் தாண்ட மாட்டார். பெரும்பாலும் அவர் தன் பங்காளியின் முகத்தையே பார்த்திருக்க மாட்டார்.

கணக்கு எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். உரியில் இருக்கும் வணிகர் சீரகம் அனுப்புகிறார். எதிர்ப்பக்கத்து வணிகர் அதை விற்று, அதன் மதிப்புக்குப் பாதாம் அனுப்ப வேண்டும். இடையில் விலை ஏறலாம், இறங்கலாம். சரக்கு ஈரமாக வந்தது, எடை குறைந்தது என்று தகராறு வரலாம். வந்தால் எங்கே போவது? எந்த நீதிமன்றத்துக்கும் அதிகாரம் கிடையாது, கையெழுத்திட்ட ஒப்பந்தமும் பெரும்பாலும் கிடையாது. ஆரம்பத்தில் ஓட்டுநர் கையில் கொடுத்தனுப்பும் துண்டுச் சீட்டும், பின்னாளில் வாட்ஸ்அப்பும்தான் துணை. பற்று வரவுக் குறிப்பேட்டில் யாருடைய பக்கமாவது எப்போதும் நிலுவை நின்றுகொண்டே இருக்கும்.

அந்த நிலுவைதான் இந்த வணிகத்தின் உயிர் என்று நான் நினைக்கிறேன். போரிட்டுக்கொண்ட இரண்டு நாடுகளின் குடிமக்கள், சட்டமோ வங்கியோ பின்னால் நிற்காமல், ஒருவர் சொல்லை ஒருவர் நம்பி லட்சக்கணக்கான ரூபாய் சரக்கை முன்கூட்டியே அனுப்பினார்கள். பத்தரை ஆண்டுகளில் இப்படிப் பல ஆயிரம் கோடி ரூபாய்க்குச் சரக்கு போய்வந்தது. இரு பக்கத்து வணிகர்களும் சேர்ந்து கூட்டு வணிக அமைப்பும் வைத்துக்கொண்டார்கள். கலாசார உறவு என்று பெரிதாகப் பேசுகிறோமே, அது ஊரளவில் இப்படித்தான் தெரியும்: ஒரே மொழி, இன்னாருடைய மருமகன் என்ற அறிமுகம், அதன் பேரில் ஒரு லாரி கடன்.

தாங்கிய அடிகள்

தொடங்கி ஐந்தே வாரத்தில் மும்பைத் தாக்குதல் நடந்தது, 2008 நவம்பர் 26. 166 பேர் கொல்லப்பட்டார்கள். இரு அரசுகளின் பேச்சுவார்த்தை நின்றது. லாரிகள் நிற்கவில்லை. பிறந்த குழந்தை போன்ற ஏற்பாடு அவ்வளவு பெரிய அடியைத் தாங்கியது, அதைத் தொடங்கியவர்களுக்கே ஆச்சரியமாக இருந்திருக்கும்.

2013 ஜனவரியில் பூஞ்ச் பகுதியில் படைவீரர்கள் கொல்லப்பட்டபோது அந்த வழி கொஞ்ச நாள் மூடியது. 2014 ஜனவரியில் வந்த சிக்கல் வேறு வகை. பாதாம் ஏற்றிவந்த லாரி ஒன்றில் சலாமாபாத்தில் பிரவுன் சுகர் என்ற ஹெராயின் வகைப் போதைப்பொருள் பொட்டலங்கள் பிடிபட்டன. ஓட்டுநரைக் கைது செய்தார்கள். ஓட்டுநரை விட்டால்தான் லாரிகளைத் திரும்ப எடுப்போம் என்றது அந்தப் பக்கம். போதைப்பொருள் வழக்கில் விட முடியாது என்றது இந்தப் பக்கம். அன்று பாலத்தைத் தாண்டியிருந்த ஓட்டுநர்கள் இரு பக்கமும் வாரக்கணக்கில் சிக்கிக்கொண்டார்கள். மாலைக்குள் வீட்டுக்குத் திரும்புவோம் என்று போனவர்கள் அவர்கள். ஓட்டுநர் தவறு செய்தால் யார் விசாரிப்பது என்பதற்கு ஆறாவது ஆண்டிலும் விதி எழுதப்படாமல் இருந்தது அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது.

2016 செப்டம்பர் 18 அன்று உரி படைமுகாம் தாக்கப்பட்டு 19 வீரர்கள் இறந்தார்கள். சலாமாபாத் அங்கிருந்து சில கிலோமீட்டர்தான். பதினொரு நாள் கழித்து, கோட்டைத் தாண்டிப் போய்த் தாக்கியதாக இந்தியா அறிவித்தது. அந்தப் பரபரப்பிலும் லாரிகள் போய்வந்தன. துப்பாக்கியும் மிளகாய் மூட்டையும் ஒரே சாலையில் போன நாள்கள் அவை. 2017இல் ஷெல் வீச்சால் பூஞ்ச் வழி மாதக்கணக்கில் மூடியது, மறுபடி திறந்தது.

இந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு வணிகம் அமைதியைக் காத்தது என்று சொல்லத் தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. நிதானமாகப் பார்த்தால் நடந்தது வேறு. ஒவ்வொரு முறையும் அரசுகள் வேறு காரணங்களுக்காகச் சண்டையை ஓர் அளவோடு நிறுத்திக்கொண்டன. அப்படி நிறுத்திய இடைவெளியில் வணிகம் பிழைத்தது. தவளை கத்தினால் மழை வரும் என்று ஊரில் சொல்வார்கள். மழை வரப்போவதைத் தவளை அறியும் என்பது உண்மைதான், ஆனால் மழையைக் கொண்டுவருவது தவளை இல்லை.

அரித்தவை

வெளியிலிருந்து வந்த அடிகளை விட, ஏற்பாட்டின் உள்ளேயே இருந்த ஓட்டைகள்தான் அதைப் பலவீனப்படுத்தின என்று நினைக்கிறேன். இந்தப் பகுதியை மென்று விழுங்காமல் சொல்ல வேண்டும், ஏனென்றால் அமைதியை விரும்புகிறவர்கள் பெரும்பாலும் இதைத் தவிர்த்துவிடுகிறார்கள்.

அந்தப் பக்கத்திலிருந்து வந்த பாதாமில் கலிபோர்னியா பாதாமும் இருந்தது. காஷ்மீரின் இரு பகுதிகளிலும் விளைந்த பொருளுக்காகத் தீர்வையில்லாமல் திறந்த வழியில், வேறெங்கோ விளைந்தது தீர்வை கட்டாமல் இந்தியச் சந்தைக்குள் வந்தது. மதிப்பைக் குறைத்துக் காட்டி, அந்த வித்தியாசத்தில் கிடைக்கும் பணம் தீவிரவாதிகளுக்கும் பிரிவினைவாதிகளுக்கும் போகிறது என்று தேசியப் புலனாய்வு முகமை வழக்குப் போட்டு விசாரித்தது. 2017இல் சலாமாபாத்தில் மறுபடி பெரிய அளவில் ஹெராயின் பிடிபட்டது.

பண்டமாற்றுக்கு வங்கிச் சுவடு கிடையாது. நேர்மையானவர் தன் நேர்மையைக் காட்ட வழியில்லை. தவறு செய்கிறவரைப் பிடிக்கவும் வழியில்லை. பத்து லாரியில் ஒன்று தப்பு என்றாலும் பத்தும் சந்தேகத்துக்குள் வந்துவிடும். அரசியல் சங்கடத்தைத் தவிர்க்க 2008இல் எடுத்த குறுக்குவழி, பதினோராம் ஆண்டில் வணிகத்தின் கழுத்துக்கே வந்தது.

2019

பிப்ரவரி 14 அன்று புல்வாமாவில் மத்திய ரிசர்வ் போலீஸ் படையினர் 40 பேர் குண்டுவெடிப்பில் இறந்தார்கள். மறுநாளே, 1996இல் பாகிஸ்தானுக்குக் கொடுத்திருந்த மிகவும் வேண்டிய நாடு என்ற வணிகத் தகுதியை இந்தியா ரத்து செய்தது. அதற்கடுத்த நாள் பாகிஸ்தான் பொருள்களுக்கு 200 சதவீதத் தீர்வை. பிப்ரவரி 26 பாலாகோட் விமானத் தாக்குதல். 27 அன்று பாகிஸ்தானின் பதிலடி. இந்திய விமானி ஒருவர் சிறைபிடிக்கப்பட்டு, மார்ச் 1 அன்று வாகா வழியாகத் திரும்பினார்.

இந்த வரிசையை உற்றுப் பார்க்க வேண்டும். கோபம் வந்ததும் முதலில் கை வைத்தது வணிகத்தில். வணிகத்தை வெட்டியதோடு கோபம் தீர்ந்திருந்தால், போருக்குப் பதிலாக ஒரு வடிகாலாவது கிடைத்தது என்று சொல்லலாம். தீரவில்லை, பதினோரு நாளில் விமானங்கள் பறந்தன.

கோட்டைத் தாண்டிய பண்டமாற்று அந்த வாரங்களிலும் உடனே சாகவில்லை. சலாமாபாத் வழி பாலம் பழுதுபார்க்க என்று மார்ச்சில் மூடியது. ஏப்ரல் 18 அன்று உள்துறை அமைச்சகம் இரண்டு வழிகளிலும் வணிகத்தை நிறுத்திவைத்தது. ஆயுதம், போதைப்பொருள், கள்ள நோட்டு கடத்த இந்த வழி பயன்படுகிறது, தடைசெய்யப்பட்ட அமைப்புகளோடு தொடர்புள்ளவர்கள் பல வணிக நிறுவனங்களை நடத்துகிறார்கள் என்று காரணம் சொன்னது. கடுமையான ஒழுங்குமுறை வந்த பிறகு திறப்பது பற்றிப் பார்க்கலாம் என்றும் சொன்னது.

உரியில் அன்று என்ன ஆனது? லோடுமேன்களுக்கு வேலை போனது. லாரியைக் கடனில் வாங்கியவர்களால் தவணை கட்ட முடியவில்லை. வணிகர்களுக்கு நிலுவை. சீரகம் போய்விட்டது, பாதாம் வரவில்லை. அல்லது பாதாம் வந்துவிட்டது, அதற்கான மிளகாயை அனுப்ப வழியில்லை. கடன்பட்டவர் நேர்மையானவராக இருந்தாலும் கட்ட முடியாது. பின்னர் இன்னொரு இடி. இது ஒரே மாநிலத்துக்குள் நடந்த விற்பனை, ஆகவே ஜிஎஸ்டி கட்ட வேண்டும் என்று வணிகர்களுக்கு நோட்டீஸ் போனது. தீர்வை வேண்டாம் என்று சொன்ன அதே நிலைப்பாடு, வரி கேட்டு வந்து நின்றது.

அப்புறம் நடந்தவை

2019 ஆகஸ்டில் ஜம்மு காஷ்மீரின் சிறப்புத் தகுதி நீக்கப்பட்டதும் பாகிஸ்தான் மொத்த வணிகத்தையும் நிறுத்தியது. 1976 முதல் இரு நாடுகளுக்கும் நடுவே ஓடிய சம்ஜவுதா ரயில் நின்றது. அதே ஆண்டு நவம்பரில் பாகிஸ்தானில் உள்ள கர்தார்பூர் குருத்வாராவுக்குப் போகும் வழி மட்டும் திறந்தது.

2021 இரண்டு பாடங்களை ஒன்றாகக் கொடுத்தது. பிப்ரவரியில் இரு நாட்டு ராணுவ நடவடிக்கைத் தலைமை இயக்குநர்கள் பேசி, கோட்டில் போர் நிறுத்தத்தை மீண்டும் உறுதிசெய்தார்கள். உரியும் பூஞ்சும் நான்கு ஆண்டுகள் அமைதியாக இருந்தன. அப்போது கோட்டைத் தாண்டிய வணிகம் துளியும் இல்லை. மார்ச் கடைசியில், பாகிஸ்தானின் பொருளாதார ஒருங்கிணைப்புக் குழு இந்தியாவிலிருந்து சர்க்கரையும் பருத்தியும் வாங்க அனுமதித்தது. அவர்களுடைய ஜவுளி ஆலைகளுக்குப் பருத்தி அவசரத் தேவை. அடுத்த நாளே அமைச்சரவை அதை நிராகரித்தது. காஷ்மீர் விஷயம் தீராமல் முடியாது என்றார்கள்.

2025 ஏப்ரல் 22 அன்று பஹல்காமில் 26 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மறுநாள் பஞ்சாப் எல்லையில் உள்ள அட்டாரி சோதனைச் சாவடி மூடப்பட்டது. 1965, 1971, 1999 போர்களைத் தாண்டி நின்ற 1960 சிந்து நதிநீர்ப் பங்கீட்டு ஒப்பந்தமும் நிறுத்திவைக்கப்பட்டது. மே 7 முதல் 10 வரை சண்டை. பூஞ்ச் நகரத்தின் மேல் ஷெல்கள் விழுந்தன. குழந்தைகள் உட்படப் பொதுமக்கள் பலர் இறந்தார்கள். ஆறு ஆண்டுகளுக்கு முன்பு வரை லாரி வரிசையைப் பார்த்துப் பழகிய ஊர் அது.

என் கணிப்பு

வணிகம் போரைத் தடுக்க வேண்டுமென்றால், போரைத் தீர்மானிக்கும் கைக்கு வலிக்க வேண்டும். இங்கே வலி முழுவதும் உரியிலும் பூஞ்சிலும் சகோட்டியிலும் ராவலாகோட்டிலும்தான். டெல்லியிலும் இஸ்லாமாபாத்திலும் பாகிஸ்தான் ராணுவத் தலைமையகம் இருக்கும் ராவல்பிண்டியிலும் எந்தக் கோப்பும் கனக்கவில்லை. இந்தப் பத்தரை ஆண்டுகளில் மொத்த இருநாட்டு வணிகமே இந்தியாவின் வெளிநாட்டு வணிகத்தில் அரை சதவீதத்தைத் தொட்டதில்லை. 2018இல் உலக வங்கி போட்ட கணக்குப்படி, அப்போது நடந்தது சுமார் 200 கோடி டாலர், தடைகள் இல்லாவிட்டால் 3,700 கோடி டாலர் வரை நடக்கலாம். அந்த 3,700 கோடி இருந்திருந்தால் கதை மாறியிருக்குமா? கொஞ்சம் மாறியிருக்கலாம். ஆனால் ஏற்றுமதியில் பாதி இந்தியாவுக்கு வந்த 1948–49லும் சண்டை நடந்ததே. அதனால் தொகை பெருகினால் போதும் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஆனால் பயனில்லை என்று இதைத் தள்ளிவிடவும் மாட்டேன். மும்பைக்குப் பிறகும் உரிக்குப் பிறகும் அந்தக் கதவு திறந்திருந்ததால், மறுபடி பேச எண்ணிய நாளில் பேச ஒரு இடம் இருந்தது. இரண்டு பக்கத்து அதிகாரிகளும் வாரத்துக்கு நான்கு நாள் லாரி எண்ணிக்கையைச் சரிபார்த்துக்கொண்டார்கள். எதிரியின் பக்கத்தில் சொன்ன சொல் தவறாத ஓர் ஆள் இருக்கிறார் என்பதைச் சில நூறு குடும்பங்கள் தங்கள் சொந்தப் பணத்தை வைத்துத் தெரிந்துகொண்டன. அது போரைத் தடுக்கும் அணை இல்லை. போர் முடிந்த பிறகு திரும்பி வர ஒரு பாதை.

மறுபடி திறந்தால் மாற்ற வேண்டியவை

முதலில் ஸ்கேனர். திறப்பு விழாவுக்கு முன்பே அது அங்கே நிற்க வேண்டும். வங்கி வழிப் பணம் அடுத்தது. எந்த நாணயம் என்ற சங்கடத்தை இரு அரசுகளும் ஒருமுறை உட்கார்ந்து தீர்த்துக்கொண்டால், நேர்மையான வணிகரிடம் காட்டுவதற்கு ஒரு ரசீதாவது இருக்கும். எந்தப் பொருள் எங்கே விளைந்தது என்ற சான்று இல்லாமல் ஒரு மூட்டையும் பாலத்தைத் தாண்டக் கூடாது. வணிகர்கள் மாதம் ஒருமுறையாவது பாலத்தருகில் முகம் பார்த்துப் பேச அனுமதி வேண்டும். ஓட்டுநர் பிடிபட்டால் யார் விசாரிப்பது, மற்ற ஓட்டுநர்களை எத்தனை மணி நேரத்துக்குள் வீட்டுக்கு அனுப்புவது என்பதை முதல் நாளே எழுதி ஒட்டிவைக்க வேண்டும். வரி உண்டா இல்லையா என்பதையும் அதே தாளில்.

கடைசியாக ஒன்று, எனக்கு இதுதான் எல்லாவற்றையும் விட முக்கியம். கதவு மறுபடி மூடும், அதை மறந்து திட்டம் போடுவதில் அர்த்தமில்லை. மூடுவதற்கு முன் முப்பது நாள் கொடுக்க வேண்டும். புதுச் சரக்கு வேண்டாம், ஏற்கெனவே வாங்கியதற்கு ஈடு மட்டும் போகட்டும், வரட்டும். 2019 ஏப்ரலில் அந்த முப்பது நாள் கிடைத்திருந்தால், சீரகத்துக்குப் பாதாம் வந்து சேர்ந்திருக்கும்; உரியிலும் சகோட்டியிலும் அந்தக் குறிப்பேடுகளின் கடைசிப் பக்கத்தில் நேர் என்று எழுதிக் கோடு போட்டிருப்பார்கள்.